எண்ணூற்று நாற்பத்திரண்டு லிங்க்

1. 06-02-2025, வியாழக்கிழமை, மாலை 6.15 மணி (குரோதி, தை 24)

வழக்கமாகக் காலை 5.40-க்கு எழுதுவேன். இன்று பன்னிரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் எழுதிவைப்பது முறை.

காலை 6.10-க்குப் பேச்சித்தாய் மாவு கொண்டுவந்தார். கீழத்தெருவின் தென்கோடியில், வாய்க்காலை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. பின்பக்கத் தகர அறையில் இரண்டு கிரைண்டர்கள் வைத்து இட்லி மாவு அரைத்து, இந்த ஊரில் நாற்பது வீடுகளுக்கும் இரண்டு ஓட்டல்களுக்கும் கொடுக்கிறார். கணவர் கேரளாவில், புனலூரில் தேநீர்க்கடை மாஸ்டர். மாதம் ஒருமுறை வந்து போவார். எட்டு ஆண்டுகளாக எங்கள் காலை உணவு இந்த அம்மாளின் உழைப்பு. இதுவரை இதை எங்கும் எழுதாதது என் குறை.

இன்று தூக்குவாளியோடு ஒரு தாளையும் நீட்டினார். அது நடுவில் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது.

“அண்ணாச்சி, நீங்க சர்வே ஆபீசுல இருந்தவுகதான? இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. நேத்து வந்து தகரத்துல ஒட்டிட்டுப் போயிருக்காவ.”

“ஏம்மா கிழிஞ்சிருக்கு?”

“கோவம் வந்துச்சு, கிழிச்சேன். பொறவு பயம் வந்துச்சு, மாவத் தடவி ஒட்டிக் கொண்டாந்தேன்.”

தாள், ஆக்கிரமிப்பு அகற்றும் அறிவிப்பு. புல எண் 214-இன் தென்னெல்லையைத் தாண்டி வாய்க்கால் புறம்போக்கில் 1.00 மீட்டர் அகலத்துக்குக் கட்டடம் நிற்கிறதாம். வரும் 27-02-2025, வியாழக்கிழமைக்குள் அவராக அகற்றாவிட்டால் அரசு அகற்றும். அந்த ஒரு மீட்டருக்குள் இருப்பது பெரிய கிரைண்டரும் அது நிற்கும் சிமென்ட் மேடையும். விவரத்தைச் சொன்னேன்.

“ஒரு மீட்டர்னா எத்தன முழம்?”

“ரெண்டு முழத்துக்குக் கொஞ்சம் கூட.”

“ரெண்டு முழத்துல என் பொழப்பே நிக்கி, அண்ணாச்சி. அந்த மேட போச்சுன்னா ஓட்டலுக்கு எதுல ஆட்டிக் குடுப்பேன்? சின்னது வீட்டுக்கே பத்தாது.”

அறிவிப்போடு புலப்படத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. 1984-இல் லிங்க் அளவிலிருந்து மீட்டருக்கு மாற்றி வரைந்த படம். வடக்கு எல்லைக்கல்லிலிருந்து தெற்கு எல்லைக்கல் வரை 168.4 மீட்டர். படத்தில் பன்னிரண்டு அளவுகள் இருந்தன. பன்னிரண்டையும் இருமுறை படித்தேன். புள்ளிக்குப் பின்னால் ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. 62.0, 118.0, 168.4 என எல்லாம் இரட்டை. நிலம் அப்படி இரட்டை இரட்டையாக அளந்து கிடப்பதில்லை.

வரைந்தவரின் சுருக்கொப்பம் நகலில் தெளிவாக இல்லை.

2. 07-02-2025, வெள்ளிக்கிழமை, காலை 5.40 மணி

பின்னாளில் யாரேனும் இதைப் படித்தால் குழம்பாதிருக்க, இதை முதலில் எழுதுகிறேன்.

பழைய அளவைச் சங்கிலியின் நீளம் அறுபத்தாறு அடி. அதில் நூறு கண்ணிகள். கண்ணியை நாங்கள் லிங்க் என்போம். ஒரு லிங்க் 7.92 அங்குலம், மீட்டரில் சொன்னால் 0.201168. பிறகு மீட்டர் சங்கிலி வந்தது. அதன் நீளம் இருபது மீட்டர். அதிலும் நூறு லிங்க்; ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சரியாக 0.2 மீட்டர். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு கண்ணிகளுக்கும் உள்ள வித்தியாசம் நகத்தின் கனம். எண்ணூற்றுச் சொச்சம் கண்ணிகள் சேரும்போது அந்த நகக்கனம் ஒரு கிரைண்டர் மேடையாகிவிடுகிறது.

பழைய படத்தில் தெற்குக் கல் 842 லிங்க் என்று இருந்திருக்குமானால், சரியான மீட்டர் அளவு 169.38. யாரோ மீட்டர் சங்கிலியின் 0.2-ஆல் பெருக்கியதால் அது 168.4 ஆகிவிட்டது. வித்தியாசம் 0.98 மீட்டர். வடக்குக் கல்லிலிருந்து அளந்துகொண்டே வரும்போது முழுப் பிழையும் கடைசியில் இருப்பவர் தலையில் விழும். கடைசியில் இருப்பவர் பேச்சித்தாய்.

இதை என் மனைவி சண்முகவடிவிடம் விளக்கினேன். தோசைக்கல்லை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள்.

“மீட்டரு, லிங்க்கு எல்லாம் இருக்கட்டும். அந்த யாரோ யாரு?”

அக்காலத்தில் பல வரைவாளர்கள் இருந்தார்கள் என்று பதில் சொன்னேன்.

“ம்” என்றாள்.

காப்பி இன்றும் நன்றாக இருந்தது. எழுபத்தெட்டு வயதில் ஆறு மணிக்குச் சூடான காப்பி கிடைக்கும் மனிதனுக்கு எதைப் பற்றியும் குறை சொல்ல உரிமை இல்லை.

3. 10-02-2025, திங்கட்கிழமை, மாலை 4.30 மணி

காலை 10.05-க்கு வட்ட அலுவலகம் சென்றேன். பேச்சித்தாயின் வீட்டை அளந்த நில அளவர் ரெஜினா என்ற பெண்மணி. முப்பத்தைந்து வயது இருக்கும். பேசிக்கொண்டே மூன்று வேலைகளைச் செய்கிறார், மூன்றையும் சரியாகச் செய்கிறார். சர்வே அலுவலகத்தில் இருந்தவன் என்று சொல்லி அறிவிப்பை நீட்டினேன். மேலே பேசுமுன் அவரே தொடங்கினார்.

“அந்த 214 தான சார்? எனக்கும் உறுத்துச்சு. வாய்க்கால் படத்தோட பக்கத்துல வச்சுப் பாத்தா நடுவுல ஒரு மீட்டர் யாருக்குமில்லாம கெடக்கு. அளக்குற மெஷின் தப்பு சொல்லாது. நாம குடுத்த எண்ணைத்தான் அது திருப்பிச் சொல்லுது.”

பழைய லிங்க் படத்தை ஆவண அறையிலிருந்து ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தார். ஓரம் பூச்சி அரித்த தாள். நடுவில் எண் தெளிவாக இருந்தது: 842.

“கணக்குப் பிழைன்னு எழுதித் திருத்தலாமே” என்றேன்.

“ஒத்தக் காகிதத்த வச்சு வாய்க்கால் எல்லையத் தள்ளி வைக்க மேல ஒத்துக்க மாட்டாங்க சார். இப்ப கோர்ட்டுக் கெடுபிடியில வாய்க்கால்னாலே எல்லாருக்கும் பயம். ஆனா தரையில பழைய கல் இருந்தா யாரும் வாயத் தொறக்க முடியாது. தெக்குக் கல் எங்க?”

“வாய்க்கால் கரையில இருக்கணும்.”

“கரையெல்லாம் சிமென்ட் பூசிட்டாங்க. அதுல கை வைக்க நமக்கு அதிகாரம் இல்ல. உள்பக்கமா இருந்து தோண்டலாம், அந்தம்மா சம்மதிச்சா.”

பிறகு மீட்டர் படத்தை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். “இந்தக் கணக்கப் போட்ட புண்ணியவான் யாரு சார்? உங்க காலத்து ஆள்தான?”

என் பேருந்து 11.20-க்கு. நேரமாகிவிட்டதென்று எழுந்தேன். இத்தனை வேலைக்கிடையில் நாற்பது நிமிடம் எனக்குத் தந்த அந்தப் பெண்மணிக்கு நன்றி.

4. 11-02-2025, செவ்வாய்க்கிழமை, காலை 5.40 மணி

தைப்பூசம். பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.

5. 12-02-2025, புதன்கிழமை, காலை 5.40 மணி

ஒரு திருத்தம். 06-02-2025 பதிவில் சுருக்கொப்பம் தெளிவாக இல்லை என்று எழுதினேன். அது உண்மையல்ல. நகலில் அது அச்சடித்தாற்போல் இருந்தது: வே.மா. வேலாயுதம் மகன் மாசிலாமணி. நான்தான்.

அறுபது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் தெரிந்தே ஒரு பொய் எழுதியது இதுவே முதல்முறை என்று நம்புகிறேன். அதை அடிக்கமாட்டேன். இருக்கட்டும்.

பெட்டியில் 1984-ஆம் ஆண்டு நாட்குறிப்பு இருந்தது. அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

‘12-10-1984, வெள்ளி. மீட்டர் சங்கிலிப் பயிற்சி முடிந்தது. பதினைந்து நாளும் பயனுள்ளவை.’

‘15-10-1984, திங்கள். லிங்க்-மீட்டர் அட்டவணைப் புத்தகம் ஒன்றுதான் உள்ளது, நால்வர் காத்திருக்கிறார்கள். எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். மனக்கணக்கே போதும்.’

‘17-10-1984, புதன். 212, 213, 214 முடித்தேன். மற்றவர்கள் இன்னும் முதல் படத்திலேயே இருக்கிறார்கள்.’

‘20-10-1984, சனி. ஆறு நாளில் பதினெட்டுப் படங்கள். அலுவலகத்திலேயே நான்தான் முதல்.’

பதினைந்து நாள் 0.2, 0.2 என்று பெருக்கிவிட்டு வந்தவன், அதே கையோடு பழைய சங்கிலிக்கும் பெருக்கியிருக்கிறேன். சரிபார்த்தவர் என் பெயரைப் பார்த்ததும் கையொப்பமிட்டுவிட்டார். என்னை வாய்ப்பாட்டு மாசிலாமணி என்று அழைப்பார்கள். அந்தப் பெயரில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருந்தது என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

சண்முகவடிவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“வெள்ளிக்கெழமையே தெரியும். ‘பல வரைவாளர்கள்’னு நீங்க அச்சுத் தமிழ்ல பேசினாலே எங்கியோ இடிக்குன்னு அர்த்தம். அவகிட்ட எப்பச் சொல்லப் போறீக?”

“நாளைக்கு.”

“இன்னைக்குப் புதன்தான? பொன் கெடச்சாலும் கெடைக்காதுன்னு இன்னைக்கே போறதுக்கென்ன?”

நாளைக்கு மாசி முதல் தேதி. ஒரு மாதத்தின் முதல் நாளில் செய்வது ஒழுங்காக இருக்கும்.

6. 13-02-2025, வியாழக்கிழமை, மாலை 5.00 மணி (மாசி 1)

காலை 9.30-க்கு நாடாவை எடுத்துக்கொண்டு பேச்சித்தாயின் வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ரெஜினா அம்மாள் தரையில் இட்ட சிவப்பு வண்ணக் குறியிலிருந்து தெற்கே 0.98 மீட்டர் பிடித்தேன். நாடாவின் நுனி தகரச் சுவருக்கு இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, பெரிய கிரைண்டர் மேடையின் அடிப்பாகத்தில் போய் நின்றது.

கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். முதலில் கணக்கைச் சொன்னேன். பிறகு அந்தக் கணக்கைப் போட்டவர் யார் என்று சொன்னேன். தகரப் பெட்டிக்குள் இருந்த நாட்குறிப்பையும் சொன்னேன். அவர் கையிலிருந்த மாவை வழித்து ஆட்டுக்குழிக்குள் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“அப்ப என் எடத்தக் கொறச்சது கவர்மெண்டு இல்ல. நீங்க.”

“ஆமாம்மா.”

“எங்கூட்டுச் சுவரு தப்பான எடத்துல நிக்குதுன்னு நீங்களே எழுதி வச்சிட்டு, எட்டு வருசமா எங்கிட்டயே மாவு வாங்கித் தின்னிருக்கீக.”

“தெரிஞ்சு செய்யல.”

“தெரிஞ்சு செஞ்சவன்னா ரெண்டு வார்த்த வஞ்சிட்டுப் போயிருவேன். நீங்க பெரிய மனுசன். வையவும் வாய் வரல.”

பிறகுதான் இரண்டாவது செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லையை நிரூபிக்கப் பழைய கல் வேண்டும். அந்தக் கல் இருந்தால், இந்த மேடைக்கு அடியில்தான் இருக்கும். அரசு உடைக்கும் முன்னால் அவரே இதை உடைக்க வேண்டும்.

அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“அவன் இடிச்சா இருவத்தேழாம் தேதி. நீங்க சொல்லி இடிச்சா இன்னைக்கு. கல்லு இல்லேன்னா?”

“கணக்குப்படி இருக்கணும்.”

“யாரு கணக்குப்படி?”

நாடாவைச் சுருட்டினேன். 10.20-க்குத் திரும்பினேன். தெருமுனை வரை கிரைண்டர் சத்தம் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

7. 14-02-2025, வெள்ளிக்கிழமை, காலை 7.10 மணி

மாவு வரவில்லை. ரவை உப்புமா.

8. 15-02-2025, சனிக்கிழமை, காலை 7.10 மணி

உப்புமா. சேமியா.

9. 16-02-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.15 மணி

மீண்டும் ரவை. கடையில் பொட்டலத்தில் மாவு விற்கிறார்களே என்று கேட்டேன்.

“விக்கான்தான். வாங்க மாட்டேன்” என்றாள் சண்முகவடிவு. “அவ குடுக்குற வரைக்கும் இந்த வீட்டுல இட்லி கெடையாது. முழுங்குங்க.”

உப்புமாவுக்கும் நன்றி. இது சம்பிரதாயமாக எழுதியதல்ல. மூன்று நாளாக அவள் எனக்காக வெட்கப்படுகிறாள். என் எதிரில் காட்டிக்கொள்ளவில்லை.

10. 18-02-2025, செவ்வாய்க்கிழமை, காலை 8.00 மணி

காலை 6.10-க்குத் தூக்குவாளிச் சத்தம். நான் எழுந்திருக்குமுன் சண்முகவடிவு வாசலுக்குப் போய்விட்டாள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு பேச்சித்தாய் உள்ளே வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

“சனிக்கெழம ஒடைக்கேன், அண்ணாச்சி. கொத்தனார்ட்ட சொல்லியாச்சு. அந்த சர்வேயரம்மாவையும் வரச் சொல்லிட்டேன்.”

“கணக்கை இன்னொருமுறை சரிபார்த்துவிடுகிறேன்” என்றேன்.

“பாருங்க. ஆனா அதுக்காக இல்ல. எங்கூட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ‘நாப்பது வருசத்துக்கு முன்னால தப்புப் பண்ணினவரு தானா வீடு தேடி வந்து சொல்லுதாரு, நான் என்ன செய்ய?’ன்னு கேட்டேன். ‘அப்படி ஒரு ஆள நான் கேரளாவுலயும் பாக்கல. ஒடைச்சுப் பாரு’ன்னுட்டாரு. ஓட்டல்காரங்கிட்ட ஒரு வாரம் தவணை சொல்லிருக்கேன். ஒரு வாரத்துக்கு மேல அவன் நிக்க மாட்டான். வேற ஆள் பாத்துருவான்.”

“கல் இல்லாமல் போனால்?”

“போனா ரெண்டு பேரும் சேந்து உப்புமா திங்க வேண்டியதுதான். அக்கா சொன்னாவ.”

இன்று இட்லி. ஆறு சாப்பிட்டேன். வழக்கமாக நான்கு.

11. 22-02-2025, சனிக்கிழமை, இரவு 7.30 மணி (மாசி 10)

நடந்தவற்றை நேரப்படி எழுதுகிறேன்.

காலை 8.15: ரெஜினா அம்மாள் கருவியோடு வந்தார். விடுமுறை நாள், அவர் வரவேண்டிய கட்டாயம் இல்லை. வடக்குக் கல்லிலிருந்து 169.38 மீட்டரைத் தரையில் குறித்தார். என் நாடாக் குறிக்கும் அதற்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். அவர் குறியையே வைத்துக்கொண்டோம்.

8.40: கிரைண்டரை நகர்த்தி, கொத்தனார் மேடையில் முதல் அடி அடித்தார். பேச்சித்தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டுச் சண்முகவடிவு, “இங்க பாருங்க. நீங்க பாக்கணும்” என்றாள். பார்த்தேன்.

9.50: மேடை முழுதும் பெயர்ந்தது. குழி ஓரடி. கல் இல்லை.

10.30: இரண்டடி. செம்மண்ணும் ஓட்டுத் துண்டுகளும் வந்தன. கல் இல்லை. எல்லைக்கல்லின் தலை தரைமட்டத்தில் இருக்க வேண்டும். மிஞ்சிப்போனால் ஓரடி புதைந்திருக்கும். குழியைக் குறியின் நான்கு புறமும் ஒரு சாண் அகலப்படுத்தினோம். இல்லை.

10.55: ரெஜினா அம்மாள் கருவியை மறுபடி வைத்து அளந்தார். “எடம் இதுதான் சார்” என்றார். கொத்தனார் பீடி பற்றவைக்க வெளியே போனார்.

என் வாழ்க்கையில் நான் நின்ற இடங்களிலேயே நீளமானது அந்தக் குழியின் ஓரம். கல்லை யாராவது எப்போதோ பிடுங்கியிருக்கலாம். அல்லது 842 என்பதே தவறாக இருக்கலாம். இந்தப் பெண்மணியின் மேடையை இரண்டாம் முறையும் நானே இடித்துவிட்டேன். நான் சொன்னேன்:

“பேச்சித்தாயி, நிறுத்திருவோம்மா. என்னை மன்னிச்சிரு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தார்.

“அண்ணாச்சி, இது எங்க மண்ணு இல்ல.”

“என்ன?”

“இது செம்மண்ணு. இங்க வாய்க்கால் ஓரமெல்லாம் கரிசல்லா? வீடு கட்டும்போது வெள்ளம் ஏறுதுன்னு இருவது டிராக்டர் மண்ணடிச்சோம், மலையடிவாரத்துல இருந்து. மூணு அடி ஒசத்தினோம். நாந்தான் தலையில சொமந்தேன், எனக்குத் தெரியாதா? நீங்க இன்னும் எங்க மண்ணுக்கே வரல.”

வேலை பார்த்த காலமெல்லாம் நீளத்தை மட்டுமே கணக்கிட்டவன் நான். ஒரு நிலம் மேலேயும் வளரும் என்பது என் கணக்கில் இல்லை.

அவரே கடப்பாரையை எடுத்தார். கொத்தனார் பீடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

11.40: செம்மண் முடிந்து கருப்பு மண் தொடங்கியது. 11.52: கடப்பாரை ‘ணங்’ என்றது.

கையால் மண்ணை விலக்கினோம். பாதிக் கல் உள்ளே, பாதிக் கல் தகரத்துக்கு அடியில். தலையில் கூட்டல் குறி, வெட்டியவன் நேற்றுத்தான் போனதுபோல் கூர்மையாக இருந்தது. ஆழம் மூன்றடி நான்கு அங்குலம். ரெஜினா அம்மாள் குறியின் நடுவை அளந்தார்: 169.43. தகரச் சுவர் 169.40. அதாவது பேச்சித்தாயின் வீடு அவருடைய நிலத்துக்குள்ளேயே, மூன்று சென்டிமீட்டர் பாக்கி வைத்து நிற்கிறது. பழைய சங்கிலியால் அளந்தவர் என் கணக்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர்தான் விலகியிருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு என் வணக்கம்.

“பாத்தியளா, வாய்க்காலுக்கு மூணு சென்டிமீட்டர் நான் விட்டுக் குடுத்திருக்கேன்” என்றார் பேச்சித்தாய். “அதுக்கு ஒரு நோட்டீசு ஒட்டச் சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. தூசி அதிகம்.

12. 24-02-2025, திங்கட்கிழமை, மாலை 6.00 மணி

பகல் 3.10-க்கு ரெஜினா அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். அறிவிப்பை நிறுத்திவைத்து உத்தரவாகிவிட்டது. இருபத்தேழாம் தேதி யாரும் வரமாட்டார்கள். படத்தைத் திருத்த உதவி இயக்குநருக்கு ஒரு மனு மட்டும் வேண்டும்.

“ஒரு விசயம் சார்” என்றார். குரல் தாழ்ந்தது. “படத்துல இருக்கிற சுருக்கொப்பம் யாருன்னு நான் கேக்கல. பழைய பதிவேட்டுல பாத்துட்டேன். மனுவுல பேரெல்லாம் வேண்டாம். ‘எழுத்துப்பிழை’ன்னு ஒரு வரி போதும். 214-ஓட முடிச்சிரலாம்.”

அன்பினால் சொன்னார். அந்த அன்புக்கு நன்றி சொன்னேன். யோசிக்கிறேன் என்றும் சொன்னேன்.

சண்முகவடிவிடம் கேட்டேன்.

“பென்சன்ல கை வைப்பாவளோ?”

“தெரியாது. வைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.”

“அவளுக்குத்தான் சரியாப் போச்சே. பொறவு எதுக்கு நீங்க போய்த் தலையக் குடுக்கணும்?”

1984 நாட்குறிப்பை அவளிடம் நீட்டி, 20-10-1984 வரியைக் காட்டினேன். ஆறு நாளில் பதினெட்டுப் படங்கள். அவள் கண்ணாடி போடாமல் கையைத் தள்ளிவைத்துப் படித்தாள். படித்துவிட்டு நாட்குறிப்பை மூடி என் மடியில் வைத்தாள்.

“பதினெட்டா?”

“பதினெட்டு. ஒன்றுதான் சரியாகியிருக்கிறது.”

“நல்ல பேனாவா எடுத்து எழுதுங்க. உங்க பேனா விட்டு விட்டு எழுதும்” என்றாள். அலமாரியிலிருந்து அவளே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

13. 25-02-2025, செவ்வாய்க்கிழமை, காலை 11.30 மணி (மாசி 13)

உதவி இயக்குநர் அவர்களுக்குக் கடிதத்தை எழுதி முடித்தேன். பதிவு அஞ்சலில் 12.30-க்குள் சேர்க்க வேண்டும். கடிதத்தின் கடைசிப் பகுதியை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

‘... இப்பிழை எழுத்துப்பிழை அன்று. அட்டவணை இருந்தும் அதைப் பார்க்க மறுத்த ஒருவரின் பிழை. அவர் இக்கடிதத்தில் கையொப்பமிட்டுள்ள நானே. என் வாழ்நாளுக்குள் இது வெளிப்பட்டதற்கும், வெளிப்பட்டபோது கோபத்தோடேனும் நான் சொன்னதைக் கேட்ட திருமதி பேச்சித்தாய் அவர்களுக்கும், விடுமுறை நாளில் வந்து அளந்த நில அளவர் அவர்களுக்கும், என் மனைவிக்கும் நான் நன்றியுடையவன். இத்துடன் இணைத்திருப்பவை:

1. புல எண் 214-இன் பழைய லிங்க் படம், நகல், ஒரு தாள்.

2. 17-10-1984 அன்று நான் வரைந்த மீட்டர் படம், நகல், ஒரு தாள். சுருக்கொப்பம் என்னுடையது எனச் சான்றளித்துள்ளேன்.

3. கணக்குத் தாள், ஒன்று. 842-ஐ 0.2-ஆலும் 0.201168-ஆலும் பெருக்கிக் காட்டியது. இம்முறை அட்டவணையோடு ஒப்பிட்டுள்ளேன்.

4. தெற்குக் கல்லின் புகைப்படங்கள், மூன்று. மூன்றாவதில் திருமதி பேச்சித்தாய் அவர்கள் கடப்பாரையோடு நிற்கிறார். ஆவணத்துக்கு அது தேவையில்லை என்றேன், தேவை என்றார்.

5. என் நாட்குறிப்பின் 06-02-2025 முதல் 24-02-2025 வரையிலான பக்கங்கள், நகல். முதல் பதிவின் கடைசி வரி பொய். நீக்கவில்லை.

6. 15-10-1984 முதல் 20-10-1984 வரை நான் மீட்டருக்கு மாற்றிய மற்றப் பதினேழு புலங்களின் பட்டியல், இரண்டு தாள்கள். அவற்றுள் ஒன்பதில் இப்போது வீடுகள் உள்ளன. எவருக்கும் அறிவிப்பு ஒட்டுமுன் இப்பட்டியலைப் பார்க்க வேண்டுகிறேன். கல் தேடும் நாட்களில் தெரிவித்தால், காலை ஆறு மணிக்குமேல் எந்நேரமும் நான் வருவேன். எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று சொல்லத் திருமதி பேச்சித்தாய் அவர்களும் வருவதாக ஒப்புக்கொண்டுள்ளார்.’